குணசீலன் ஓட்டிய டாங்கி

ஜனவரி 7, ஞாயிறு

பொங்கலுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய இரும்புக் கேட்டுகள் இரண்டு பட்டறையில் சாய்ந்து கிடக்கின்றன. இன்று அவற்றைத் தொடவில்லை. லோகு வந்திருந்தான். இருவருமாகத் தரையில் சாக்பீஸால் டாங்கியை வரைந்தோம். நிஜ டாங்கியில் மூன்றில் ஒரு பங்கு. வரைந்து முடித்து எழுந்து பார்த்தால் பட்டறையில் பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது.

அளவுக்கு எங்களிடம் இருப்பது ஒரு போட்டோதான். ராஜஸ்தான் மணலில் என் தம்பி குணசீலன் தன் டாங்கிமேல் கை வைத்து நிற்கும் போட்டோ. அவன் உயரம் எனக்குத் தெரியும். படத்தில் அவனை ஸ்கேல் வைத்து அளந்து, அதிலிருந்து சக்கரம், மேலே சுழலும் கோபுரம், பீரங்கிக் குழாய் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டேன்.

லோகு அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கல்யாணங்களுக்கு ட்ரோன் கேமரா விடுகிறான். ரிமோட்டும் மோட்டாரை ஆட்டிவைக்கிற போர்டும் அவன் பொறுப்பு. இரும்பு என் பொறுப்பு.

என் மனைவி சுகந்தி காப்பி கொண்டுவந்தவள், "ஏனுங், தம்பி போட்டோவ இப்பிடியா சாக்பீசு தூள்ல போட்டு வெப்பீங்க?" என்று எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து அலமாரி மேல் வைத்தாள்.

ஜனவரி 17, புதன்

கேட்டுகளைக் கொடுத்தாயிற்று. எதற்கு டாங்கி என்று கேட்கிறவர்களிடம் "சும்மா" என்கிறேன். மூன்று நாளாக ஊரே கேட்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைதான் பெரிய வேலை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக வெட்டி, துளை போட்டு, இரும்பு பின் செருகிக் கோக்க வேண்டும். கிரைண்டர் பிடித்துக் கை மரத்துவிட்டது. தரையில் உரசும் பக்கத்துக்கு, மூடிப்போன மில்லிலிருந்து எடுத்த பழைய கன்வேயர் பெல்ட்டைத் துண்டு போட்டு ஒட்டுகிறேன். சத்தம் குறையும்.

குணாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். லீவில் வந்திருந்தபோது, டாங்கி ஓட்டுவது எப்படி என்று இங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினான். ஸ்டீயரிங் கிடையாது, ரெண்டு கம்பிதான், இடது கம்பியை இழுத்தால் இடது பட்டை நிற்கும், வண்டி இடது பக்கம் திரும்பும் என்றான். வாயாலேயே சத்தமும் போட்டான். சுகந்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் டாங்கிக்கும் அதே மாதிரிதான் வைக்கிறோம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார், பேட்டரி ஆட்டோவில் இருப்பது.

மார்ச் 3, ஞாயிறு

பட்டறைக் கூரைக்கு ஓட்டை அடைத்தேன். டாங்கி வேலை இல்லை. லோகு வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் பெரிய இடத்துக் கல்யாணமாம்.

மார்ச் 20, புதன்

ஓடிவிட்டது!

கோபுரம் இல்லை, மேல்தகடு இல்லை, வெறும் எலும்புக்கூடு. லோகு ரிமோட்டை என் கையில் கொடுத்து, "நீங்க ஓட்டுங்ணா. மொத ஓட்டு உங்களுதுதான்" என்றான். முன்னால் தள்ளினேன். ஒரு உதறு உதறிவிட்டு நகர்ந்தது. பட்டறைக்கு வெளியே வந்து, புளியமரத்தைச் சுற்றி, சுகந்தி துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி இறங்கியது. லோகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் குணா படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டரம்மா குமுதவல்லி நல்ல மனுஷி. ஆகஸ்ட் பதினைந்தன்று கொடி ஏற்றியதும் டாங்கியை மைதானத்தில் ஓட்டலாம், குணாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். பேச எனக்கு வராது, ஓட்டுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

லோகுவின் முகத்தில் ஒரு வெளிச்சம். மேட்டுப்பாளையம் கல்யாணத்தில் ஒரு சினிமா உதவி டைரக்டரைப் பார்த்தானாம். பட்டாளத்துப் படம் எடுக்கிறார்களாம், தாராபுரம் பக்கம் ஷூட்டிங்.

"டேங்கு வேணுமாம்ங்ணா. அப்பறம் நம்ம வண்டி ஓடற வீடியோவ அனுப்புனேன். அசந்து போய்ட்டாங்க. ரெண்டே நாளு. புழுதியக் கெளப்பிட்டு ஓடுனாப் போதும். ட்ரோன்ல நானே எடுக்கறேன்னு சொல்லீருக்கறேன்."

"தாராபுரத்துல ஏதுடா ராஜஸ்தான்?"

"அங்கிருக்கற பொட்டக்காடு அப்பிடியேதானுங்ணா இருக்குது. கரண்டுக் காத்தாடிய மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சுருவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். குணாவின் டாங்கியை ஊர் உலகமே பார்க்கும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. சரி என்று சொல்லிவிட்டேன். லோகு சுகந்திக்கு மல்லிகைப்பூவும் இனிப்பும் வாங்கி வந்திருந்தான். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், அவன் போன பிறகு, "நம்ம வண்டிய எதுக்குங் அவரு இத்தனை போட்டோ எடுக்கறாரு? அடியில படுத்து வேற எடுத்துட்டுப் போறாரு" என்று கேட்டாள்.

சினிமாக்காரர்கள் கேட்டிருப்பார்கள் என்றேன்.

"அடிப்பக்கம் படத்துல தெரியுமாக்கும்?"

அவளுக்கு லோகுவை முதலிலிருந்தே ஆகாது.

மே 5, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. மேல்தகடு அடிக்க ஆரம்பித்தேன். மற்ற இடத்துக்குப் போட்ட கனத்திலேயே போடலாம் என்றிருந்தேன். லோகு வேண்டாம் என்றான். மெலிசான தகடு போதுமாம், எடை குறைந்தால் பேட்டரி அதிக நேரம் வருமாம். அவன் சொல்வதும் சரிதான். பேட்டரிகளையும் நிரந்தரமாக முடுக்காமல், பின்பக்கத்திலிருந்து டிரேயோடு வெளியே இழுக்கிற மாதிரி வைக்கச் சொன்னான். சார்ஜ் போட வசதி.

ஓட்டுநர் உட்காரும் இடத்துக்கு வட்ட மூடி ஒன்று செய்து, உள்பக்கம் "குணசீலன்" என்று பெயின்ட்டால் எழுதினேன். மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

"படத்துல அந்தப் பேரு வேண்டாம்ங்ணா" என்றான் லோகு.

"மூடி தொறக்க மாட்டாங்கல்ல?"

"அதில்லீங்ணா..." என்றவன், வேறு எதையோ எடுக்கப் போய்விட்டான். பெயர் அப்படியே இருக்கிறது.

மே 26, ஞாயிறு

பெயின்ட் அடித்தாயிற்று, மணல் நிறம். சுகந்தி பார்த்துவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பிடியே இருக்குதுங்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

லோகு மூன்று நாளாக போர்டை மாற்றிக்கொண்டிருக்கிறான். இன்னொரு ரிசீவர் மாதிரி ஏதோ வைத்திருக்கிறான். என்ன அது என்றதற்கு, சிக்னல் விட்டுப் போகாமல் இருப்பதற்கு என்றான். எனக்கு அதெல்லாம் புரியாது.

ஜூன் 14, வெள்ளி

லாரியில் ஏற்றி தாராபுரம் தாண்டி வந்து சேர்ந்தோம். பொட்டல் காடு, தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். குடை, விளக்கு, வேன், கூட்டம். புரொடக்சன் மேனேஜர் என்று ஒருவர், வெள்ளைத் தொப்பி, நல்ல மரியாதை. என்னைப் பார்த்ததும், "லோகு சாரோட வெல்டர் நீங்கதானாண்ணே? வாங்க, சாப்பிடுங்க" என்றார்.

லோகுவைப் பார்த்தேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்த இடத்தில் அவர்களுக்கு நம் உறவெல்லாம் எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பகல் முழுக்க ஓட்டினேன். புழுதி மேகமாக எழும்பியது, மேலே லோகுவின் ட்ரோன். சாயங்காலம் டைரக்டரே கை தட்டினார். போன் செய்து சுகந்தியிடம் சொன்னேன். நாளை இருட்டுவதற்குள் டாங்கியோடு வந்துவிடுவேன், கேட்டைத் திறந்து வை என்றேன்.

ஜூன் 15, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுத முடியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை டாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜாபர் என்று பெயர் சொன்னார். வெடி வைக்கிற வேலை அவருக்கு. குனிந்து பின்பக்கம் பார்த்துவிட்டு, "பேட்டரிய இப்பவே கழட்டிரலாமாண்ணே? வெடிக்கும்போது ஆசிட் தெறிச்சா பசங்களுக்கு ஆபத்து" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "புகைதானே போடறீங்க?" என்று கேட்டேன்.

"புகையா? இல்லண்ணே, கடைசி ஷாட்ல டேங்க் வெடிக்குதுல்ல. உள்ள பொம்மை டிரைவர் உட்காந்திருப்பான், கண்ணிவெடி மேல ஏறும், அப்படியே தூக்கிடும்." மேல்தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "மெலிசா போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் உங்க வேலை தெரியுது. பூ மாதிரி விரியும்ணே."

அவர் பாராட்டினார். கெட்ட மனுஷன் இல்லை. என்னை மாதிரியே யாரோ சொன்னதை நம்பி வந்தவர்தான் அவரும்.

மூடியைத் திறந்து பார்த்தேன். பட்டாளத்து உடுப்புப் போட்ட பொம்மை ஒன்றை ஏற்கெனவே உள்ளே வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி வெளியே தரையில் உட்கார வைத்தேன்.

"ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுத் தர்றனுங்" என்று அவரிடம் சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்தேன். விளக்குகளைத் தாண்டினேன். குடைக்குக் கீழே இருந்தவர்கள் ஒத்திகை என்று நினைத்து வழி விட்டார்கள். வண்டித் தடத்தில் இறக்கி, மேட்டில் ஏற்றி, தார் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டாங்கி முன்னால் போக நான் பின்னால் நடந்தேன். எங்கே போவதாக இருந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வீடு அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை. நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து, முந்த இடமில்லாமல் எங்களோடு ஊர்ந்தது. ஜன்னலெல்லாம் செல்போன்.

டாங்கி நின்றுவிட்டது.

ரிமோட்டைத் தள்ளினேன், இழுத்தேன். அசையவில்லை. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துத் திரும்பினால் லோகு ஓடி வந்து மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். அவன் கையிலும் ஒரு ரிமோட்.

"இதென்றா?"

"சேப்டிக்குங்ணா. வண்டி தாறுமாறாப் போச்சுன்னா நிறுத்தறதுக்கு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

அவன் பின்னால் நின்ற பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான்.

"வெடிக்கறாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயே தெரியும்ங்ணா. வெடிக்கறதுக்குத்தான் கேட்டாங்க. ஓடறதுக்கு அவங்களுக்குக் கம்ப்யூட்டரே போதும்."

"தகடு மெலிசாப் போடச் சொன்னது?"

"அண்ணா..."

"அவன் எப்பிடிச் செத்தான்னு உனக்குத் தெரியும்டா."

தெரியும். பெட்டி வந்த அன்று எனக்கு எதிர்ப்பக்கம் தோள் கொடுத்துத் தூக்கியவன் அவன்தான். திறக்க வேண்டாம் என்று கூட வந்த பட்டாளத்துக்காரர் சொன்னபோது என் பக்கத்தில் நின்றவன். பெட்டிக்குக் கனமே இல்லை என்று என்னிடம் சொல்லாமல் சுகந்தியிடம் சொல்லி அழுதவன்.

"தெரியும்ங்ணா" என்றான். "அவன் போய்ட்டானுங்ணா. நான் இருக்கறனே. எத்தனை காலத்துக்குக் கல்யாண மண்டபத்து மாடியில நின்னு ட்ரோன் உடறது? வெடிக்கற ஷாட்ட நானே எடுக்கறதாப் பேசித்தான் வண்டியக் குடுத்தேன். உங்ககிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டீங்க."

"யாரு வண்டிய யாருடா குடுக்கறது?"

"பாதி என்னுதுதானுங்ணா."

"எந்தப் பாதி?"

அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

நான் டாங்கி மேல் உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் வந்தார், விளக்குத் தூக்குகிற ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. "அண்ணே, எந்திரிங்கண்ணே, பஸ்ஸு நிக்குது" என்று கெஞ்சினார்கள். பஸ்ஸில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கத்தினாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன்? உட்கார்ந்தே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? நேற்றிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன்.

அந்த ஆட்கள் டாங்கியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார்கள். மேனேஜர், "லோகு சார் எல்லாம் பேசிட்டாருண்ணே, நீங்க வருத்தப்படாதீங்க" என்றார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மத்தியானம் வந்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு எனக்கு ஊர்ப் பெயர் சட்டென்று வரவில்லை.

பஸ் கொஞ்ச தூரம் போயிருக்கும். அந்தச் சத்தம் வந்தது. எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

வீட்டில் கேட்டு அகலத் திறந்து கிடந்தது. சுகந்தி வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தாள். நான் மட்டும் நடந்து வருவதைப் பார்த்து, "லாரி பின்னால வருதுங்ளா?" என்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

லோகு வந்தான். நான் பட்டறைக்குள் இருந்தேன். சுகந்தி கேட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, அண்ணன ஒரு வார்த்தை பாத்துட்டுப் போயர்றேன்."

"எதுக்கு?"

"மன்னிப்புக் கேக்கோணும்."

"கேட்டுப்போட்டு?"

கேட்டின் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "லோகு, தம்பி ஒருக்காச் செத்தான். அத எங்களால தாங்கிக்க முடிஞ்சுது. அவனக் கொல்லணும்னு யாரும் நெனைக்கல. நீ நெனச்சு, நாள் குறிச்சு, தகடு பாத்து வச்சுச் செஞ்சே. போயிரு."

அவள் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை நான் கிரைண்டரைப் போடவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

தரையிலிருந்த சாக்பீஸ் கோடுகள் பல இடத்தில் இன்னும் அழியவில்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.

போலீஸில் சொல்லலாம் என்றார் சுகந்தியின் அண்ணன். என்ன என்று சொல்வது? விருப்பப்பட்டு லாரியில் ஏற்றியவன் நான்தானே.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஹெட்மாஸ்டரம்மா இரண்டு முறை போன் செய்தார். சுகந்தி எடுத்து, எனக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். மத்தியானம் நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மாடிப்படிக்குக் கைப்பிடி, கோழிப்பண்ணைக்கு வலைக் கதவு. வேலைக்குக் குறைவில்லை.

மறுபடி ஒன்று செய்யலாமே என்றாள் சுகந்தி. இரும்பு வேலை எனக்குத் தெரியும், ரிமோட்டுக்கு யாரையாவது பிடிக்கலாம் என்றாள். யாரை என்று கேட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

படம் வந்துவிட்டது. போஸ்டரில் ஒரு டாங்கி இருக்கிறது. நம்முடையது இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சுகந்திதான், "ஓடறதையாவது ஒருக்காப் பாத்துருவமுங். வெடிக்கறப்பக் கண்ண மூடிக்கலாம்" என்றாள். பல்லடம் தியேட்டரில் பகல் ஆட்டம்.

இடைவேளை வரை காதல், கிராமம், பாட்டு. பிறகு சண்டை ஆரம்பித்தது. சுகந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாலைவனம் வந்தது. அது தாராபுரம்தான்; அந்த மேடு எனக்கு அடையாளம் தெரிந்தது. டாங்கிகள் வரிசையாக வந்தன. எல்லாமே கம்ப்யூட்டரில் செய்தவை, வழவழவென்று, புழுதிகூட ஒட்டாமல். வெடித்தவையும் அவைதான். நான் கண் இமைக்காமல் பார்த்தேன். நம் டாங்கி ஓடியதும் இல்லை, வெடித்ததும் இல்லை. எங்கேயாவது ஒரு ஓரத்திலாவது வரும் என்று கதாநாயகன் செத்துப் பிழைத்துக் கொடி பிடிக்கும் வரை பார்த்தேன்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. கூட்டம் எழுந்து போனது. ட்ரோன் ஒளிப்பதிவு என்று வந்த நாலு பெயரில் ஒன்று லோகநாதன்.

சுகந்தி அப்போதுதான் முகத்திலிருந்து கையை எடுத்தாள். பாலைவனம் வந்ததிலிருந்து அவள் எதையுமே பார்க்கவில்லை.

"ஆச்சுங்ளா?" என்றாள். "நல்லா ஓடுச்சுங்ளா?"

"வரல சுகந்தி. ஓடறதும் வரல, வெடிக்கறதும் வரல. வெட்டிட்டாங்க போல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பக்காரம்மா எங்கள் வரிசைக்கு வந்து, நாங்கள் எழுந்திருப்பதற்காக நின்றாள்.

"அப்பறம் எதுக்குங்?" என்றாள் சுகந்தி.

அந்த அம்மா எங்கள் காலடியைச் சுற்றிக் கூட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். நாங்கள் அப்போதும் எழுந்திருக்கவில்லை.